அம்மாவுக்காக ஊருக்குப் போனாலும் கலிபோர்னியா வரி உண்டு

இந்தியாவில் வேலை பார்த்து, ரூபாயில் சம்பளம் வாங்கி, அதற்கு அங்கேயே வரியும் கட்டியாகிவிட்டது. அதே சம்பளத்துக்குக் கலிபோர்னியாவும் வரி கேட்குமா? பெரும்பாலும் கேட்கும். இதைக் கிளம்புவதற்கு முன்னால் தெரிந்துகொள்வதற்கும் போய் வந்த பிறகு தெரிந்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சான்டா கிளாரா, டப்ளின் பக்கம் எங்கள் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு இப்போதெல்லாம் அப்பா அம்மாவைச் சுற்றித்தான் போகிறது. 75 வயதைத் தாண்டியவர்கள், ஊரில் தனியாக இருப்பவர்கள், ஒரு தடவையாவது வழுக்கி விழுந்தவர்கள். “ரெண்டு வருஷம் போய் இருந்துட்டு வரலாம்னு பாக்கறோம்” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே ஓசிஐ கார்டு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டை வாடகைக்கு விடுவது, காரை விற்பதா வைத்திருப்பதா, எல்லாவற்றையும் அலசுவோம். ஃபெடரல் வரி, அதாவது அமெரிக்க மத்திய அரசின் வரி பற்றிக்கூட யாருக்காவது கொஞ்சம் தெரிந்திருக்கும். மாநில வரியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. நாம்தான் அங்கே இருக்கப்போவதில்லையே, அப்புறம் கலிபோர்னியாவுக்கு என்ன என்று எல்லோரும் இயல்பாக நினைத்துவிடுகிறோம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருந்தார். 2023 தொடக்கத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடை திரும்பவில்லை, பக்கத்தில் ஆள் வேண்டும். நான் ஒரே பெண். என் கம்பெனிக்குச் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் உண்டு. அங்கே மாற்றல் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த ஜூலையில் போய், துரைப்பாக்கத்தில் லிஃப்ட் உள்ள ஒரு வாடகை வீட்டில் அம்மாவையும் அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். பையன் அப்போது பத்தாம் வகுப்பு. அவனை நடுவில் பிடுங்க மனம் வரவில்லை. அவனும் என் கணவரும் ஃப்ரீமான்ட் வீட்டிலேயே இருந்தார்கள். 2025 கோடையில் திரும்பி வந்தேன்.

முதலில் ஃபெடரல் பக்கம். அது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் வேகமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் இரண்டு வழியில் நிவாரணம் உண்டு. ஒன்று, வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த வருமானத்தில் ஒரு பகுதிக்கு விலக்கு. 2024-க்கு 126,500 டாலர் வரை. 12 மாதத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், கிடைக்கும். இன்னொன்று, இந்தியாவில் கட்டிய வரியைப் படிவம் 1116 மூலம் கழித்துக்கொள்வது. இந்திய வரி விகிதம் உயரமானது என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் ஒத்துவரும். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச், இங்கே ஜனவரி முதல் டிசம்பர். இந்த இரண்டையும் பொருத்துவது ஒரு தலைவலி, ஆனால் செய்ய முடிந்த வேலை.

கலிபோர்னியாவில் இந்த இரண்டுமே கிடையாது. வெளிநாட்டு வருமான விலக்கை மாநிலம் ஏற்பதில்லை. வெளிநாட்டு அரசுக்குக் கட்டிய வரிக்குக் கழிவும் தருவதில்லை. நியூயார்க்கிலோ ஒரிகானிலோ கட்டிய வரி என்றால் ஒரு ஏற்பாடு இருக்கிறது, இந்தியாவில் கட்டியதற்கு இல்லை. “இந்தியா அமெரிக்கா ஒப்பந்தம் இருக்கே?” என்று கேட்பீர்கள். 1989-இல் கையெழுத்தான அந்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் அமெரிக்கத் தரப்பில் ஃபெடரல் வருமான வரியைப் பற்றியது. மாநிலங்களின் வருமான வரியை அது தொடுவதில்லை.

ஆக, கலிபோர்னியா உங்களைத் தன் ரெசிடென்ட் என்று கருதினால், சென்னைச் சம்பளத்துக்கு அங்கே 30 சதவீத அடுக்கு வரை கட்டிய கையோடு, இங்கேயும் கட்ட வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் எங்களைப் போன்ற வீட்டில், மேலே சேரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநில வரி 9.3 சதவீதம். சென்னைச் சம்பளம் 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் டாலர் சுமார் 83, 84 ரூபாய். கிட்டத்தட்ட 48,000 டாலர் வருகிறது. அதற்கு மாநில வரி மட்டும் 4,400 டாலருக்கு மேல், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களின் பல மாதச் சம்பளம் அந்தத் தொகை.

சரி, யார் ரெசிடென்ட்? பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் வைத்து முடிவாகிற விஷயம் இல்லை இது. கலிபோர்னியாவின் வருவாய் வரிச் சட்டம் பிரிவு 17014 இரண்டு விதமான ஆட்களைச் சொல்கிறது. தற்காலிகமாகவோ போகிற போக்கிலோ அல்லாத காரணத்துக்காக மாநிலத்தில் இருப்பவர் ஒரு விதம். இன்னொரு விதம், கலிபோர்னியாவை நிரந்தர இருப்பிடமாக, அதாவது டொமிசைலாகக் கொண்டு, தற்காலிகக் காரணத்துக்காக வெளியே போயிருப்பவர். ‘ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் நாமெல்லோரும் இந்த இரண்டாவது வகையில் அச்சாகப் பொருந்துகிறோம். திரும்பி வரும் எண்ணம்தான் டொமிசைலின் உயிர். வீடு இங்கே, பிள்ளை இங்கே, வண்டி இங்கே, மனசில் திரும்பி வரும் தேதி. டொமிசைல் போகவே போகாது. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட மாநிலத்தில் கால் வைக்காவிட்டாலும் ரெசிடென்டாகவே இருக்க முடியும்.

சந்தேகம் வந்தால் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பதற்கு 2003-இல் பிராக் என்பவரின் மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு ஒரு நீளப் பட்டியலே தருகிறது. வீடு எங்கே, கணவன் மனைவி பிள்ளைகள் எங்கே, பிள்ளைகள் எந்தப் பள்ளியில், சொத்து வரியில் சொந்த வீட்டுச் சலுகை எந்த வீட்டுக்கு வாங்குகிறீர்கள், டிரைவிங் லைசென்ஸ் எந்த மாநிலம், வண்டிப் பதிவு, வாக்காளர் பதிவு, வங்கிக் கணக்கு, டாக்டர், பல் டாக்டர், கணக்காளர் வரை போகும். ஒன்றை மட்டும் மாற்றிவைத்தால் போதாது, மொத்தமாகப் பார்ப்பார்கள். வாக்கு விஷயத்தில் ஒரு ஆறுதல். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாக்களிக்க வழிசெய்யும் 1986-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டத்தின்படி வாக்களித்தால், அதை வைத்து உங்கள் வரிக் குடியிருப்பைத் தீர்மானிக்கக் கூடாது. 2024 நவம்பரில் நான் துரைப்பாக்கத்தில் இருந்தபடி நிம்மதியாக வாக்குச் சீட்டை நிரப்பினேன்.

இந்த இடத்தில்தான் ‘சேஃப் ஹார்பர்’ என்ற விதி வருகிறது. அதே 17014-இன் டி உட்பிரிவு. வேலை ஒப்பந்தத்தின் பேரில் கலிபோர்னியாவுக்கு வெளியே தொடர்ந்து குறைந்தது 546 நாட்கள் இருந்தால், டொமிசைல் கலிபோர்னியாவாகவே இருந்தாலும், அந்தக் காலத்துக்கு உங்களை நான்-ரெசிடென்டாக எடுத்துக்கொள்வார்கள். 546 நாள் என்பது ஒன்றரை வருஷம். கூடவே போகும் கணவனுக்கோ மனைவிக்கோ இது பொருந்தும். நிபந்தனைகள் உண்டு. நடுவில் கலிபோர்னியாவுக்கு வந்துபோகும் நாட்கள் ஒரு வரி ஆண்டில் மொத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் போன்ற வருமானம் ஒப்பந்த காலத்தின் எந்த வரி ஆண்டிலும் 200,000 டாலரைத் தாண்டக் கூடாது. போகும் முக்கிய நோக்கமே மாநில வரியைத் தவிர்ப்பதாக இருக்கக் கூடாது. கலிபோர்னியாவின் வரித்துறையான ஃபிரான்சைஸ் டேக்ஸ் போர்டு வெளியிடும் 1031 என்ற கையேட்டில் இதெல்லாம் உதாரணங்களோடு இருக்கிறது. போகிறவர்கள் பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் அதை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். ஆங்கிலம் கடினமில்லை.

இப்போது நான் ரொம்பவும் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம்: எச்ஆர் கொடுக்கும் கடிதம்.

எனக்கு முதலில் வந்த வரைவில் “12 மாதங்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மேலும் 12 மாதங்கள் நீட்டிக்கலாம்” என்று இருந்தது. பல கம்பெனிகளில் இதுதான் வழக்கமான வார்ப்பு. யாரும் தவறாக எழுதவில்லை, அவர்கள் வசதிக்கு அப்படி. ஆனால் இந்த விதியைப் படித்துவிட்டு அந்த வரியைப் பாருங்கள். கையில் இருக்கும் ஒப்பந்தம் 365 நாளுக்குத்தான். நீட்டிப்பு வெறும் சாத்தியம். நாளைக்கு யாராவது கேட்டால், முதல் வருஷம் நீங்கள் எந்த ஒப்பந்தத்தின் பேரில் போனீர்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் இருக்காது. அம்மாவின் எலும்பு டாக்டரும் பிசியோதெரபி செய்தவரும் ஒரு வருஷத்தில் தனியாக விடும் நிலை வராது என்று ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். எப்படியும் இரண்டு வருஷம் தேவை. அதையே சொல்லி, ஒரே கடிதமாக, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட்டு, 24 மாதம் என்று எழுதித் தரும்படி கேட்டேன். மேனேஜருக்கு ஆட்சேபம் இல்லை. எச்ஆருக்குத்தான் இரண்டு மூன்று மின்னஞ்சல் போனது. பொறுமையாக விளக்கினேன், மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வரி மாற்றம். அதில் பல ஆயிரம் டாலர் இருந்தது.

45 நாள் விஷயமும் லேசானதில்லை. பிள்ளை இங்கே இருக்கும்போது, அவன் பிறந்தநாள், பள்ளியின் இசை நிகழ்ச்சி, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொன்றுக்கும் மனசு ஓடும். அதனால் நாங்கள் திசையை மாற்றினோம். கோடை விடுமுறைக்கு அவர்கள் இரண்டு பேரும் சென்னைக்கு வந்தார்கள். பையன் பாட்டியோடு இருந்த அந்த ஜூன், ஜூலை மாதங்கள் வரிக் கணக்கை எல்லாம் தாண்டிய விஷயம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா வராந்தாவின் கடைசி வரை நடந்ததும், அவன் பின்னாலேயே நாற்காலியை இழுத்துக்கொண்டு போனதும், நான் அலுவலகத்திலிருந்து வந்தால் இரண்டு பேரும் மாறி மாறி எனக்குச் சொல்லுவார்கள்.

200,000 டாலர் எல்லையைப் பார்த்து ‘நமக்கெல்லாம் அவ்வளவு வட்டியா வருகிறது’ என்று தோன்றலாம். பங்கு விற்ற லாபமும் அதில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். பத்து வருஷமாகச் சேர்ந்த கம்பெனிப் பங்குகளை, ஊரில் வீடு வாங்கவோ மருத்துவச் செலவுக்கோ ஒரே வருஷத்தில் விற்றால் எல்லை தாண்டிவிடலாம். விற்பதாக இருந்தால் எந்த வருஷம் என்று யோசித்து விற்க வேண்டும்.

அடுத்தது, கணவன் மனைவியில் ஒருவர் இங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்பது. என் விஷயத்தில் சிக்கலே இதில்தான். எங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் சிபிஏ அம்மையார் இதைச் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவே இல்லை. கலிபோர்னியா ‘கம்யூனிட்டி பிராபர்ட்டி’ மாநிலம். திருமணத்துக்குப் பிறகு கணவன் சம்பாதிப்பதும் மனைவி சம்பாதிப்பதும் இருவருக்கும் பாதிப் பாதி. சேஃப் ஹார்பர் விதிப்படி நான் நான்-ரெசிடென்ட் ஆகலாம், ஆனால் என் டொமிசைல் இன்னும் கலிபோர்னியாதான். ஆகவே நான் சென்னையில் வாங்கும் சம்பளமும் கம்யூனிட்டி சொத்து. அதில் பாதி என் கணவருடையது. அவர் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ரெசிடென்ட். ரெசிடென்டின் உலக வருமானம் முழுவதற்கும் வரி. ஆக என் சென்னைச் சம்பளத்தில் பாதிக்குக் கலிபோர்னியா வரி உண்டு.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா 35 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

“நீ இங்க உக்காந்து சம்பாதிக்கிறதுல பாதி மாப்பிள்ளையோடதா? யாரு சொன்னா?”

“கலிபோர்னியா சட்டம்மா.”

“அப்ப மாப்பிள்ளை அங்க வாங்குற சம்பளத்துல?”

“பாதி என்னுதும்மா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அது நல்ல சட்டம்தான். எங்க காலத்துல இருந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தார். அப்பாவின் சம்பளக் கவரை அம்மா ஒரு தடவைகூடக் கையில் வாங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும். வரியைப் பற்றிய என் எரிச்சல் அன்றைக்கு அதோடு அடங்கிவிட்டது. சட்டம் நல்ல சட்டம். அதன் ஒரு ஓரம் இப்படி நம் மேல் இடிக்கிறது, அவ்வளவுதான்.

நடைமுறையில் இது எப்படி வந்தது என்றால், கணவர் ரெசிடென்ட், நான் நான்-ரெசிடென்ட் என்பதால் நாங்கள் சேர்ந்து 540என்ஆர் என்ற படிவத்தில் தாக்கல் செய்தோம். ‘நான் நான்-ரெசிடென்ட், அதனால் மாநிலத்தில் அவர் மட்டும் தனியாகத் தாக்கல் செய்யட்டும்’ என்று நினைத்தால் அதுவும் முடியாது. அவருடைய கலிபோர்னியாச் சம்பளத்தில் பாதி என்னுடையது என்பதால் எனக்கும் கலிபோர்னியாவில் வருமானம் இருப்பதாகக் கணக்கு. அந்தப் படிவத்தின் கணக்கு முறையும் கவனிக்க வேண்டியது. முதலில் இருவரின் மொத்த உலக வருமானத்துக்கும் வரி போட்டு, அதிலிருந்து விகிதத்தை எடுத்து, அந்த விகிதத்தைக் கலிபோர்னியா பங்குக்குப் பொருத்துவார்கள். மேலே சொன்ன 40 லட்ச உதாரணத்தில், பாதிச் சம்பளம் விலகுகிறதே, அப்படியானால் பாதி வரி மிச்சம் என்று நினைக்க வேண்டாம். விலகும் பாதிக்கு மிச்சமாவது சராசரி விகிதத்தில். மேல் நுனியின் 9.3-இல் இல்லை. அதனால் 2,200 டாலரும் முழுதாக மிச்சமாகாது. கணவரும் கூட வந்திருந்தால் இது முழுக்க வேறு கணக்கு. குடும்பத்தோடு போகும் திட்டமா, ஒருவர் மட்டும் போகும் திட்டமா என்று தடுமாறிக்கொண்டிருப்பவர்கள் இதையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே முடிவெடுக்கச் சொல்லவில்லை. நான் மறுபடி முடிவெடுத்தாலும் பையனை அங்கேயேதான் விட்டிருப்பேன்.

நான்-ரெசிடென்ட் ஆகிவிட்டாலும் கலிபோர்னியாவிலிருந்து வரும் வருமானத்துக்கு வரி உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள வீட்டின் வாடகை, அந்த வீட்டை விற்ற லாபம், கிளம்புவதற்கு முன் இங்கே பார்த்த வேலைக்கு அப்புறம் வரும் போனஸ், எல்லாம். கம்பெனி ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஆர்எஸ்யூ பங்குகள் கொஞ்சம் வேறு. கொடுத்த நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை உள்ள வேலை நாட்களில், கலிபோர்னியாவில் வேலை பார்த்த பங்கு எவ்வளவோ அவ்வளவு இங்கே வரிக்கு உட்படும். 2021-இல் இங்கே இருந்தபோது கொடுத்தது 2024-இல் சென்னையில் இருக்கும்போது கைக்கு வந்தால், இடையில் உள்ள நாட்களைப் பிரித்துப் போட வேண்டும். கம்பெனியின் சம்பளப் பிரிவு இதைத் தானாகச் சரியாகச் செய்துவிடும் என்று விட்டுவிடாமல், உங்கள் நாட்களை நீங்களே ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களைப் பற்றி: ஒப்பந்தக் கடிதம், விமான போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்கள், சென்னை வாடகை ஒப்பந்தம், மின்வாரிய ரசீது, படிவம் 16, இந்திய வரித் தாக்கல் ஒப்புகை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கலிபோர்னியாவில் தாக்கல் செய்த பிறகு பொதுவாக நான்கு வருஷம் வரை அவர்கள் திறந்து பார்க்கலாம். தாக்கலே செய்யாமல் விட்டால் அந்தக் காலக்கெடு தொடங்கவே தொடங்காது. ‘நான்தான் அங்கே இல்லையே’ என்று தாக்கல் செய்யாமல் விடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இந்தியப் பக்கம், ரொம்ப வருஷம் வெளியே இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் ‘சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாத’ என்ற நிலை கிடைக்கலாம். அப்போது அமெரிக்க வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் இந்தியா வரி கேட்காது. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

மற்ற மாநிலத்துக்காரர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், அதே சமயம் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். டெக்சாஸ், ஃபுளோரிடா, நெவாடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை. டல்லாஸில் இருக்கும் என் சித்தி மகன் இதே காரணத்துக்காகத் திருச்சிக்குப் போனான், அவனுக்கு இந்தக் கவலை எதுவும் வரவில்லை. நியூயார்க்கில் 548 நாள் விதி இருக்கிறது. 548 நாளில் குறைந்தது 450 நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும், நியூயார்க்கில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. கணவனோ மனைவியோ மைனர் பிள்ளைகளோ அங்குள்ள வீட்டில் தங்கும் நாட்களுக்கும் அதே 90 எல்லை. வேலை ஒப்பந்தம் வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை. அதுதான் முக்கியமான வித்தியாசம். நியூ ஜெர்சியில் டொமிசைல் உள்ளவருக்கு மூன்று நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும்: அங்கே நிரந்தர வீடு இருக்கக் கூடாது, வேறிடத்தில் நிரந்தர வீடு இருக்க வேண்டும், அந்த ஆண்டில் 30 நாளுக்கு மேல் மாநிலத்தில் இருக்கக் கூடாது. அங்குள்ள எடிசனில் சொந்த வீட்டைத் தங்களுக்கென்று அப்படியே வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் நிபந்தனையே இடிக்கும். நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் வெளிநாட்டு வருமான விலக்கை ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு மனசில் உறுத்துவது வேறு. நான் பாதியாவது தப்பித்தேன் என்றால், அதற்குக் காரணம் என் கம்பெனிக்குச் சென்னையில் ஒரு அலுவலகம் இருந்தது, அவர்கள் 24 மாதத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தோழிக்கு அது இல்லை. அவள் அப்பாவுக்குப் பார்க்கின்சன். வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனாள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு கல்லூரியில் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். சம்பளம் சின்னது, வரியை இந்தியாவில் கட்டினாள். திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு எப்போதும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவள் போனது அப்பாவுக்காக, வேலைக்காக இல்லை. கையிலும் 546 நாள் ஒப்பந்தம் கிடையாது. சேஃப் ஹார்பர் கிடையாது. என்னைவிட அதிக நாள் இந்தியாவில் இருந்தாள், என்னைவிடக் குறைவாகச் சம்பாதித்தாள். சட்டப்படி அவள் முழு ரெசிடென்ட், அந்தச் சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கலிபோர்னியாவில் கணக்குக் காட்டினாள்.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கம்பெனி அனுப்பினால் விதி கை கொடுக்கிறது, பெற்றவர்கள் கூப்பிட்டால் கை கொடுப்பதில்லை. ‘தற்காலிகம்’ என்று இரண்டையும் ஒரே தராசில் வைப்பதாக இருந்தால், இரண்டுக்கும் ஒரே அளவு வேண்டாமா? ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. எழுத்தில் இருக்கும் ஒரு தேதியைச் சரிபார்ப்பது சுலபம், எண்ணத்தைச் சரிபார்ப்பது கஷ்டம். ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கும் எழுத்தில் சான்று உண்டு. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டரின் சான்றிதழ், உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ். மாநில அரசே குடும்பப் பராமரிப்பு விடுப்புக்குச் சம்பள ஈடு கொடுக்கும்போது டாக்டரின் சான்றிதழைத்தானே கேட்கிறது? 2004-இலிருந்து நடைமுறையில் இருக்கும் திட்டம் அது. அதே சான்றை வரிச் சட்டத்திலும் ஏற்றுக்கொள்ளலாம். குறைந்தபட்சம், வெளிநாட்டில் உழைத்து அங்கே வரி கட்டியவர்களுக்கு, மற்ற மாநிலத்தில் கட்டியவர்களுக்குத் தருவதுபோல ஒரு கழிவாவது தரலாம்.

இதை எங்கள் தொகுதியின் மாநில அசெம்பிளி உறுப்பினருக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். தோழியும் தன் கணக்கு விவரங்களோடு தனியாக எழுதியிருக்கிறாள். அலுவலகத்திலிருந்து ஒரு உதவியாளர் கூப்பிட்டு, இப்படி எத்தனை குடும்பங்கள் இருக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இரண்டு பேரின் கடிதம் போதாது. அப்பா அம்மாவுக்காக ஊருக்குப் போய், ஒப்பந்தம் இல்லாததால் இரண்டு இடத்திலும் வரி கட்டியவர்கள் இதைப் படித்தால், நீங்களும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். எந்த வருஷம், எத்தனை மாதம், யாருக்காக, இரண்டு பக்கமும் எவ்வளவு கட்டினீர்கள் என்பது மட்டும் போதும். பிரிவு எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள்: 17014, உட்பிரிவு டி.